கோடைத் தோட்டத்தில் முறை வைத்தல்

அத்தியாயம் 6

பங்குனி வெயில் ஏறியதும் ஊர்க் குட்டை வற்றிப்போகும். வாய்க்கால் பாளம் பாளமாக வெடிக்கும். அடுத்த மழை வரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஈரம் மிஞ்சுவது தோட்டத்து வீடுகளின் கொல்லையில்தான். பாத்திரம் கழுவும் இடம், அதை ஒட்டி நிற்கும் வாழை, மாட்டுத் தொட்டியின் அடி, குழாய் சொட்டும் மூலை, அவ்வளவுதான். அணில் அங்கே வரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும். தேரை வரும், தேரையைத் தேடிப் பாம்பு வரும். உங்கள் நாயும் பூனையும் குளிர்ச்சிக்கு அங்கேதான் படுத்திருக்கும். வம்பு தொடங்குவது இந்த நெரிசலில்தான்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் நம் ஊர்களில் முறை வைப்பார்கள். இன்னார் வயலுக்கு இன்ன நாள், இத்தனை மணி நேரம் என்று பேசி முடித்துக்கொண்டால் மண்வெட்டிச் சண்டை இருக்காது. தோட்டத்துக்கும் அதையே செய்யச் சொல்கிறேன். நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடவும் வேண்டாம், குருவியையும் பாம்பையும் ஒழிக்கக் கிளம்பவும் வேண்டாம். இடம் ஒன்றுதான், நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள்.

முறைப் பட்டியல்

1. விடியல் முதல் காலை 9 மணி வரை பறவைக்கும் அணிலுக்கும். பூனை வீட்டுக்குள் இருக்கட்டும். நாயை 7 மணிக்குள் கயிற்றில் பிடித்துத் தோட்டத்துக்கு வெளியே நடத்திக் கூட்டிவந்து திண்ணையில் கட்டுங்கள்.

2. 9 முதல் 11 வரை பூனையும் கோழியும் உலாவலாம்.

3. 11 முதல் 4 வரை யாருக்கும் முறை இல்லை. எல்லா உயிரும் நிழலில் கிடக்கும் நேரம். நீங்களும் கிடங்கள்.

4. 4.30 முதல் இருட்டும் வரை நாய்க்கு. அவிழ்த்துவிடுங்கள், ஓடட்டும்.

5. இருட்டிய பிறகு தேரை, ஆந்தை, மரநாய், பாம்பு ஆகியவற்றின் முறை. கோழிக்கூட்டை அடைத்து, நாய் பூனை இரண்டையும் உள்ளே சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவது விதியைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடுவதுதானே காவல் நாய்க்கு வழக்கம் என்பார்கள். மற்ற மாதங்களில் அப்படியே செய்யுங்கள். கோடையில் மட்டும் வேண்டாம். பகல் வெயிலுக்குப் பயந்து பாம்பு இரவில்தான் அதிகம் நடமாடுகிறது. திண்ணையிலோ கம்பிக் கதவுக்குள்ளோ இருந்தபடியே நாய் குரைக்கும். திருடனுக்கு அந்தச் சத்தம் போதும்.

பட்டியலை அமல்படுத்துமுன் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது, அணில் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது, கீரி எந்த வேலியில் நுழைகிறது என்று காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டாலே போதும். மணிக்கணக்கை அதற்கேற்ப அரை மணி முன்பின் மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர்ச் சட்டி வைப்பது

ஆழமான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி மாடியில் வைத்துவிட்டால் புண்ணியம் சேரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அணில் குனிந்து குடிக்கும்போது உள்ளே விழுந்து, வழவழப்பில் ஏற முடியாமல் செத்து மிதக்கும். செய்ய வேண்டியது இது:

1. வாயகன்ற மண் சட்டியை எடுங்கள். 2 அங்குல ஆழம் போதும். எவர்சில்வர் வெயிலில் சுடும், பீங்கான் வழுக்கும்.

2. நடுவில் ஓட்டுச் சில்லோ கல்லோ போடுங்கள். அதன் தலை தண்ணீருக்கு மேல் தெரிய வேண்டும். தேனீ அதில் உட்கார்ந்துதான் குடிக்கும்.

3. மர நிழலில், புதரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாய வசதி செய்து கொடுத்ததாகிவிடும்.

4. ஒன்றைத் தரையிலும் இன்னொன்றை நான்கடி உயரத்திலும் வையுங்கள். மைனாவும் கீரியும் தரைச் சட்டிக்கு வரும். தேன்சிட்டு, கொண்டைக்குருவி மேலே வரும்.

5. படுக்கையறைச் சன்னலுக்கும் வாசலுக்கும் 30 அடி தள்ளியே இருக்கட்டும். தண்ணீரைத் தேடி வருவது குருவி மட்டுமல்ல.

6. தினமும் காலையில் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை சட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது.

நாயின் தண்ணீர்ப் பாத்திரம் தனி. பறவைச் சட்டியில் நாய் வாய் வைக்கப் பழகிவிட்டால் முறைப் பட்டியல் குலைந்துவிடும்.

குறிப்பு: திறந்த சிமெண்டுத் தொட்டி இருந்தால் ஒரு தென்னை மட்டையை உள்ளே சரிவாகச் சாய்த்து வையுங்கள். ஓணான், அணில், பூனைக்குட்டி எது விழுந்தாலும் ஏறி வந்துவிடும். காசு செலவில்லாமல் இந்த அத்தியாயத்தில் செய்யக்கூடிய வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

நாய்: வெயிலும் உண்ணியும்

நமக்கு வேர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. தகரக் கொட்டகை நிழல்தான் என்றாலும் நாய்க்கு அது அடுப்பு. வேப்பமரத்தடி, இல்லாவிட்டால் தென்னங்கீற்றுப் பந்தல், அடியில் நனைத்த மணல். இவ்வளவு செய்தால் மின்விசிறி தேவையில்லை. நடத்திக் கூட்டிப்போகுமுன் தார்ச் சாலையில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

மே 4ஆம் தேதி தொடங்கிக் கிட்டத்தட்ட மாதக் கடைசி வரை போகும் கத்திரி வெயிலில் எல்லா நாய்க்கும் கவனம் தேவை. வயதானது, கொழுத்தது, மூக்குச் சப்பையானது, இந்த மூன்றுக்கும் கூடுதல் கவனம். நகரத்தில் வாங்கிய பக் நாயை விடுமுறைக்குக் கிராமத்துக்குக் கூட்டிவருபவர்கள் அதை மதியம் திண்ணையில்கூட விடக் கூடாது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து. அறிகுறிகள்: நிற்காத இளைப்பு, கயிறு கயிறாக வழியும் எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி. கண்டவுடன்:

1. நிழலுக்குத் தூக்கிப் போங்கள். நடத்தாதீர்கள்.

2. குழாய்த் தண்ணீரைக் கழுத்து, அக்குள், வயிறு, தொடையிடுக்கு எங்கும் ஊற்றிக்கொண்டே இருங்கள். விசிறுங்கள், காற்றுப் பட வேண்டும்.

3. ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். சற்று நேரத்தில் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும்.

4. தானாகக் குடித்தால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் ஊற்றக் கூடாது.

5. ஆசுவாசப்பட்டதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்தாலும் கொண்டுபோங்கள். சிறுநீரகம், ஈரல் பாதிப்பு மறுநாள்தான் தெரியவரும்.

பலர் செய்யும் தவறு, முதலில் வண்டி தேடி ஓடுவது. முதலில் தண்ணீர், பிறகு வண்டி.

உண்ணிக்கு வருவோம். நாயின் மேல் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆகவே நாயைக் குளிப்பாட்டுவதோடு வேலை முடிவதில்லை. படுக்கும் இடத்தின் விரிசல்களைச் சிமெண்டு பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள், படுக்கைச் சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் போடுங்கள். மாதாந்திர உண்ணி மாத்திரையை நாயின் எடைக்கேற்ப மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

கையால் எடுப்பதானால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பிடாது, ஈறு வெளிறும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவர்.

எச்சரிக்கை: மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசாதீர்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் பூசாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரை வாங்கும்.

நாய் தேரையைக் கவ்வினால்

முதல் மழைக்குத் தேரைகள் கிளம்பும்போது இது நடக்கும். வாயில் நுரை தள்ளும், நாய் மூஞ்சியைத் தரையில் தேய்க்கும். தேரையின் தோல் நஞ்சுதான் காரணம். நாயின் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, கடைவாய்ப் பக்கமிருந்து தண்ணீரைப் பாய்ச்சி வெளியே வழியவிடுங்கள். தொண்டைக்குள் போகக் கூடாது. ஈரத் துணியால் நாக்கையும் ஈறையும் துடையுங்கள். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் மருத்துவர். தேரையைக் கொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கத் தோட்டத்துப் பூச்சியைத் தின்று தீர்ப்பது அதுதான்.

பூனையும் குஞ்சுகளும்

கோடை பல பறவைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் காலம். பறக்கப் பழகும் குஞ்சு இரண்டு மூன்று நாள் தரையில் தத்திக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் பூனையை முழு நேரமும் உள்ளே அடைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கழுத்துமணி கொஞ்சம் உதவும், வயிறு நிரம்பச் சோறு போடுவதும் உதவும். ஆனால் வயிறு நிரம்பிய பூனையும் வேட்டையாடும். அது பசியால் வருவதல்ல.

தரையில் குஞ்சைக் கண்டால்:

1. இறகு முளைத்து, கண் திறந்து, தத்துகிறதா? அப்படியே விடுங்கள். தள்ளி நின்று பாருங்கள், தாய் வந்து ஊட்டும். பூனை நடமாடும் இடமென்றால் அருகிலுள்ள கிளையில் ஏற்றிவிடுங்கள்.

2. இறகில்லாத செக்கச் சிவந்த குஞ்சா? கூடு தெரிந்தால் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கதை.

3. கூடு கலைந்துவிட்டதா? கொட்டாங்குச்சியின் அடியில் துளையிட்டு, உள்ளே காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் கட்டுங்கள்.

4. பால் ஊட்டாதீர்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கிளிக்குஞ்சு கிடைத்தால் வளர்க்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பச்சைக்கிளி, முனியா, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பாம்பு

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நம் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தான நஞ்சுப் பாம்புகளில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தோட்டத்தில் பகலில் நீளமாக ஓடி மறைவது பெரும்பாலும் சாரை. நல்ல பாம்பென்று நினைத்து அதை அடித்துவிட்டு, அடுத்த மாதம் எலி பெருகிவிட்டது என்று எலி மருந்து வாங்க ஓடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் தேங்காய் மட்டை அடுக்கு சமையலறைச் சுவரை ஒட்டியே இருந்தது. விறகு எடுக்கக் கைக்கெட்டும் தூரம் என்ற சோம்பல்தான். மூன்று கோடை ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது கோடையில் ஒரு மாலை எங்கள் நாய் மணி அந்த அடுக்கைப் பார்த்து, நான்கடி தள்ளி நின்று, புதுக் குரலில் குரைத்தது. அதட்டிக்கொண்டே மட்டையை எடுக்கக் கை நீட்டினேன். பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சீறல். உள்ளே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பட்டியல்:

1. விறகு, மட்டை, ஓடு, செங்கல் அடுக்கு எதுவாக இருந்தாலும் வீட்டிலிருந்து 30 அடி தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்குங்கள்.

2. நாய், கோழித் தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். இரவு மிச்சச் சோற்றைக் கொல்லையில் விடாதீர்கள். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

3. கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டை அறைந்து மூடுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துவாரத்துக்குச் சிறுகண் வலை வையுங்கள்.

4. வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல் இல்லாமல் செதுக்கி வையுங்கள். வெறுந்தரையில் எது ஊர்ந்தாலும் கண்ணில் படும்.

5. இரவில் டார்ச் இல்லாமல் காலை வெளியே வைக்காதீர்கள். காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேளுக்கும் சேர்த்து.

6. தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். கட்டிலில் கொசுவலை கட்டி, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிப் படுங்கள். கட்டுவிரியன் இரவில், தூங்குபவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்த வலியோ தடமோ தெரியாமலே போகலாம்.

சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது, வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டினால் வராது, பூண்டு கரைத்துத் தெளித்தால் வராது என்பார்கள். எங்கள் வேலியோரம் சிறியாநங்கை புதராக வளர்ந்திருக்கிறது. அதனடியில் பாம்புச் சட்டை எடுத்திருக்கிறேன்.

பாம்பைக் கண்டுவிட்டால் முதலில் நாயைக் கூப்பிட்டுக் கட்டுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். ஒருவர் தள்ளி நின்று அது போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள். தோட்டத்தில் இருந்தால் போக விடுங்கள். கம்பெடுத்துக் கிளம்பாதீர்கள். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். தலைமுறைகளாக வந்த கைப்பழக்கம் அது. காணொளி பார்த்து வருவதல்ல.

மனிதரைக் கடித்துவிட்டால்:

1. 108ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். முறிவு மருந்து அங்கே இலவசம்.

2. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை வீங்குமுன் கழற்றுங்கள்.

3. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து, இறுக்காமல் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்கவிடாதீர்கள்.

4. கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ரத்த ஓட்டம் நிற்கக் கயிறு கட்டாதீர்கள், பச்சிலை கொடுக்கும் வீட்டுக்கு வழி கேட்காதீர்கள்.

5. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். நான்குக்கும் ஒரே மருந்துதான்.

விடியற்காலையில் ஒருவர் காரணமில்லாமல் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமை தானாகச் சரிந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம் என்று நினைத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாயைக் கடித்தால் பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்காலிலோதான் கடித்திருக்கும். உடனே கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், வீக்கம் மூச்சை அடைக்கும். தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் அதே முறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். ஆனால் எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் இருப்பு இருக்காது. எங்கே கிடைக்கும் என்பதைக் கோடை தொடங்குமுன்பே விசாரித்து வையுங்கள்.

கீரி, நாய், பூனை கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கும் பூனைக்கும் மூன்றாம் மாதம் தொடங்கி ஆண்டுதோறும் போட்டு வாருங்கள்.

கோழியும் மாடும்

கோழிக்கூட்டின் மேல் ஈரச் சாக்கு, பகலில் இரண்டு முறை தண்ணீர் மாற்றம், இரவில் கீரியும் காட்டுப்பூனையும் நுழையாத சிறுகண் வலை. இவ்வளவு போதும். மாட்டுக்கு ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுத்த சோளக் காட்டில் கோடை மழைக்குத் துளிர்க்கும் இளந்தட்டையை மேயவிடாதீர்கள். வாடிய இளஞ்சோளத்திலும் மறுதுளிரிலும் சயனைடு நஞ்சு இருக்கும். அரை மணியில் மாடு விழுந்துவிடும்.

அலமாரியில் இருக்கும் நஞ்சு

பாம்பைவிட வீட்டுப் பிராணிக்கு அருகில் இருப்பவை இவை:

எலி மருந்து. அதைத் தின்ற எலியைப் பூனையும் கூகையும் தின்னும். எலிப்பொறி வையுங்கள். நாய் புரோமாடியோலோன் வகையைத் தின்றுவிட்டால் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது, பிறகு உள்ளே ரத்தம் கசியும். அட்டைப் பெட்டியோடு மருத்துவரிடம் போங்கள், வைட்டமின் கே1 போடுவார்.

ஆமணக்குப் புண்ணாக்கு. ரோஜாச் செடிக்குப் போட்ட உரத்தை நாய் தோண்டித் தின்னும், வாசனை அப்படி. கொடிய நஞ்சு. நாய் இருக்கும் வீட்டில் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

பாராசிட்டமால். காய்ச்சல் என்று பூனைக்கு அரை மாத்திரை கொடுத்தால் செத்துவிடும்.

அரளி, ஊமத்தை. ஆடு கட்டும் இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்: ஆம்புலன்ஸ் 108, கால்நடை அவசர ஊர்தி 1962, தீயணைப்பு 101. கீழே உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரின் எண்ணையும், பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனையின் பெயரையும் சேருங்கள். சமையலறைக் கதவின் உட்புறம், வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரான உயரத்தில் ஒட்டுங்கள். போனுக்குள் மட்டும் எண்ணைப் போட்டு வைக்காதீர்கள். தேவைப்படும் ராத்திரியில் மின்சாரமும் இருக்காது, சார்ஜும் இருக்காது.